அ, ஆ சொல்லித்தர சமூக இயல் எதற்கு?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த படிப்பகக் கூட்டமொன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவர் நிகழ்த்திய உரை)



ஷிப்டு முடிந்து நேராக வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பகலெல்லாம் நடவு வயலில் குனிந்து நின்று, அந்த இடுப்பு வலியோடு வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் நேரம் அருமையானது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியப் பயிற்சி பெற்றவள். அதே காலத்தில் பல்கலைக் கழகத்தில் சமூக இயலும் படித்தேன். ஊரில் என்னைக் கேட்டார்கள்: "ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லித் தரப் போகிறாய். கூட்டல் கழித்தல் சொல்லித் தரப் போகிறாய். அதற்குப் பயிற்சிப் பள்ளி போதாதா? சமூக இயல் எதற்கம்மா? கூலி வேலை செய்கிற வீட்டில் இந்த அதிகப்படிச் செலவு தேவையா?"

இந்தக் கேள்வியை நான் பரிகாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. இதிலே இரண்டு நியாயமான கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, அந்தப் படிப்பால் உங்கள் பிள்ளைக்கு என்ன பிரயோஜனம்? இரண்டு, அந்தப் படிப்புக்கு யார் செலவழிப்பது? இன்று இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முயலுகிறேன்.

சமூக இயல் என்றால் என்ன?

வகுப்பில் ஒரு சிறுவன் காலை பத்து மணிக்கே தூங்கி விழுகிறான். மூன்று முறை சொல்லியும் பாடம் ஏறவில்லை. ஓர் ஆசிரியர், "மந்தம், இது தேறாது" என்று முடிவு கட்டுகிறார். இன்னொருவர் கேட்கிறார்: "இவன் காலையில் என்ன சாப்பிட்டான்? அப்பாவுக்கு ராத்திரி ஷிப்டா? அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள்? கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து படிக்க இடம் உண்டா?"

முதல் ஆசிரியர் பிள்ளையின் மண்டையை மட்டும் பார்த்தார். இரண்டாமவர் பிள்ளை நிற்கிற தரையையும் பார்த்தார். மனிதர்கள் எப்படிக் கூட்டமாக வாழுகிறார்கள், யார் உழைக்கிறார்கள், யார் அனுபவிக்கிறார்கள், எந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று ஆராய்கிற படிப்புதான் சமூக இயல். கண்ணுக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் பிள்ளைகளின் கணக்கை அது காட்டுகிறது. ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை தவறினால் அந்தப் பிள்ளையிடம் காரணம் தேடலாம். ஒரு ஜில்லா முழுவதிலும் கூலிக்காரர் பிள்ளைகளே தவறுகிறார்கள் என்றால், காரணத்தைப் பிள்ளைகளிடம் தேடுவது நியாயமா?

பிரான்சில் நடந்தது

ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கும் சமூக இயலுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்த நாடு பிரான்ஸ். அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1871இல் பாரிஸ் கம்யூன் ரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டு கழித்து அந்நாட்டுக் குடியரசு பள்ளிக்கூடச் சட்டங்களைக் கொண்டுவந்தது. 1881இல் ஆரம்பக் கல்வி இலவசமாயிற்று. 1882இல் 6 வயது முதல் 13 வயது வரை கட்டாயமாயிற்று. அரசுப் பள்ளியில் மதபோதனை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1879இல், ஜில்லாதோறும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் அமைக்க வேண்டுமென்று சட்டம் போட்டார்கள். அந்தப் பயிற்சிப் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் பலர் சிறு விவசாயிகள், கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகள். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். அதற்குப் பதிலாகப் பத்தாண்டு அரசுப் பள்ளியில் வேலை செய்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒரு சூட்சுமத்தைக் கவனியுங்கள். அங்கே பள்ளிக்கூடம் இரண்டு தண்டவாளமாக ஓடியது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு இலவச ஆரம்பப் பள்ளி, அதோடு சரி. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளம் கட்டிப் படிக்கும் தனி உயர்நிலைப் பள்ளி; அங்கிருந்து பல்கலைக் கழகம். உயர்நிலைப் பள்ளியில் சம்பளம் முழுவதும் ஒழிய 1930களாயிற்று. ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும் முதல் தண்டவாளத்திலேயே படித்து, முதல் தண்டவாளத்துக்கே திரும்பினார். பல்கலைக் கழகத்தின் வாசற்படி அவருக்கு இல்லை.

இந்தச் சுவரில் ஒரு சிறு கதவு 1887இல் போர்தோ நகரத்தில் திறந்தது. எமில் துர்கேம் என்ற இளம் பேராசிரியரை அந்நகரத்துப் பல்கலைக் கழகத்தில் நியமித்தார்கள். பிரெஞ்சுப் பல்கலைக் கழகத்துக்குள் சமூக இயல் அடியெடுத்து வைத்தது அவரோடுதான். ஆனால் எந்த வாசல் வழியாக? கல்விப் போதனை முறை கற்பிக்க வந்தவர் என்ற பெயரோடுதான்! ஆசிரியர்களுக்குக் கல்வி பற்றிச் சொல்லுவது அவருடைய கடமை. சமூக இயலும் கூடவே வந்தது. அவருடைய வகுப்புகளில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். 1902இல் அவர் பாரிஸுக்குப் போனார். அங்கேயும் அவருடைய இருக்கை கல்வி இயல் இருக்கைதான். 1913இல்தான் அதன் பெயரில் 'சமூக இயல்' என்ற சொல் சேர்ந்தது.

ஆகவே, "சமூக இயலுக்கும் அ, ஆவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: பிரான்சில் சமூக இயல் பல்கலைக் கழகத்துக்குள் நுழைந்ததே பள்ளி ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

துர்கேம் சொன்ன முக்கியமான விஷயம் என்ன? கல்வி என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒவ்வொரு சமுதாயமும் தனக்கு வேண்டிய மனிதனைத் தயாரிக்கத் தனக்கேற்ற கல்வியை உண்டாக்கிக்கொள்கிறது என்றார். நகரத்துக் கல்வி வேறு, கிராமத்துக் கல்வி வேறு. முதலாளி வீட்டுக் கல்வி வேறு, தொழிலாளி வீட்டுக் கல்வி வேறு என்பதையும் எடுத்துக் காட்டினார். இது பெரிய உண்மை.

ஆனால் அவரிடம் ஒரு குறையும் உண்டு. 'சமுதாயம்' என்று அவர் பேசும்போது, அது ஒரே குடும்பம் போலத் தோன்றுகிறது. அந்தக் குடும்பத்தில் ஒருவன் ஆலைக்குச் சொந்தக்காரன், ஒருவன் ஆலையில் கூலிக்காரன் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. "பிள்ளையைச் சமுதாயத்துக்கு ஏற்றவனாக்கு" என்றால், எந்த இடத்துக்கு ஏற்றவனாக்குவது? நம் மாகாணத்தில் 1953இல் ராஜாஜி அரசாங்கம் கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்ததே! தினம் மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றார்கள். குலக்கல்வி என்று சொல்லி மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. 'அவனவன் இடத்துக்கு அவனவனைத் தயார் செய்வது' என்ற பேச்சு நம் முதுகில் எப்படி இறங்கும் என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

1920இல் பிரெஞ்சு அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளின் பாடத் திட்டத்திலேயே சமூக இயலைச் சேர்த்தது. உடனே கூக்குரல் எழும்பிற்று. கிராமத்து ஆசிரியர்கள் இதைப் படித்தால் தேசத்துக்கே ஆபத்து என்று பெரிய படிப்பாளிகளே எழுதினார்கள். ஏன் இந்தப் பயம்? எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தரும் வாத்தியார் யாருக்கும் ஆபத்தில்லை. 'ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்கத் தெரிந்த வாத்தியார்தான் ஆபத்து.

மலைக் கிராமத்தில் ஓர் அச்சு இயந்திரம்

அப்படிக் கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியரைச் சொல்லுகிறேன். செலஸ்தேன் பிரெனே என்பது அவர் பெயர். 1896இல் தெற்குப் பிரான்சின் மலைக் கிராமமொன்றில் பிறந்தவர். நீஸ் நகரத்துப் பயிற்சிப் பள்ளியில் படித்தார். முதல் உலக யுத்தத்தில், 1917இல், நுரையீரலில் குண்டுக் காயம் பட்டது. அதன் பிறகு நெடுநேரம் உரக்கப் பேச முடியாது. பேச முடியாத ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்துவது?

1920இல் பார்-சுர்-லூ என்ற கிராமப் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டு போனார். நெசவாளி நெய்வதையும் தச்சர் மரம் இழைப்பதையும் வயலில் வேலை நடப்பதையும் பார்த்துவிட்டு வந்து, பார்த்ததைப் பிள்ளைகளே எழுதினார்கள். 1924இல் ஒரு சிறிய அச்சு இயந்திரம் வாங்கி வகுப்பில் வைத்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே அச்சுக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில் பிரித்தானி கடற்கரைப் பள்ளிக்குப் போயின. அங்கிருந்து கடலோரப் பிள்ளைகள் எழுதிய தாள்கள் மலைக்கு வந்தன. தன் அப்பன் செய்யும் வேலை அச்சில் ஏறுகிறது, அதை இன்னொரு ஊர்ப் பிள்ளை ஆவலோடு படிக்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்குத் தன் வீட்டைப் பற்றி வெட்கம் வருமா, பெருமை வருமா?

பிறகு அவர் சேன்-போல் என்ற ஊருக்கு மாறினார். பள்ளிக் கட்டிடம் சுகாதாரக் கேடாக இருந்தது. சரி செய்யுங்கள் என்று ஊராட்சியைக் கேட்டார். 1932 கடைசியில் அவருக்கு எதிராகச் சுவரொட்டி ஒட்டினார்கள். ஒரு சிறுவன் தான் கண்ட கனவை எழுதி அச்சிட்டதை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று புகார் செய்தார்கள். ஏழைப் பெற்றோர் பலர் அவர் பக்கம் நின்றார்கள். ஆயினும் கடைசியில் அரசுப் பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது. 1935இல் வான்ஸ் என்ற ஊரில் சொந்தமாகப் பள்ளி திறந்தார். கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர் என்பதால் 1940இல் கைதாகி முகாம்களில் அடைக்கப்பட்டார்.

அதே 1940இல் இன்னொன்றும் நடந்தது. ஹிட்லரிடம் சரணடைந்த விஷி அரசாங்கம், செப்டம்பர் மாதத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளையே ஒழித்துச் சட்டம் போட்டது. விடுதலைக்குப் பின்புதான் அவை மறுபடி திறந்தன. நாட்டைக் காட்டிக் கொடுத்தவர்கள் ஆட்சிக்கு வந்தவுடன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் மேல் பாய்ந்தார்கள் என்றால், அங்கே என்ன விளைந்தது என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சொல்லும் உண்மை

"இப்போதுதான் பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டதே, திறமையுள்ளவன் முன்னுக்கு வருகிறான், இல்லாதவன் நின்றுவிடுகிறான்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இதற்குச் சமூக இயல் கணக்கோடு பதில் சொன்னது.

1964இல் பியேர் பூர்தியே, ழான்-குளோத் பஸ்ரோன் என்ற இருவர் பிரெஞ்சுப் பல்கலைக் கழக மாணவர்களைப் பற்றி 'வாரிசுகள்' என்ற புத்தகம் எழுதினார்கள். பூர்தியே ஏழை விவசாயக் குடும்பத்து வழியில் வந்த தபால் ஊழியரின் மகன். அவர்கள் போட்ட கணக்கு இது: உயர் அதிகாரியின் மகனுக்குப் பல்கலைக் கழகம் போகும் வாய்ப்பு, விவசாயக் கூலித் தொழிலாளியின் மகனைவிட 80 மடங்கு, ஆலைத் தொழிலாளியின் மகனைவிட 40 மடங்கு.

யோசித்துப் பாருங்கள், தோழர்களே! கூலிக்காரன் பிள்ளைக்கு அறிவு எண்பதில் ஒரு பங்குதானா? எந்தத் தாயாவது இதை ஒப்புவாளா? வீட்டில் இருந்த புத்தகம், வீட்டில் பேசிய பாஷை, தேர்வில் தவறினாலும் இன்னொரு வருஷம் தாங்குகிற வசதி, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த 80 மடங்கு. பள்ளிக்கூடம் இந்தச் சொத்தையெல்லாம் 'திறமை' என்று பெயர் மாற்றி மார்க்குப் போடுகிறது. நிலம் வாரிசுக்குப் போவது பத்திரத்தில் தெரியும். படிப்பு வாரிசுக்குப் போவது எந்தப் பத்திரத்திலும் தெரியாது. அதனால்தான் புத்தகத்துக்கு 'வாரிசுகள்' என்று பெயர் வைத்தார்கள்.

எட்டாம் நாள்

இது பல்கலைக் கழகத்துக் கணக்கு. பிரிவினை எங்கே தொடங்குகிறது? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ரே ரிஸ்ட் என்பவர் ஒரு சின்னப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தார். 1970இல் அதை எழுதி வெளியிட்டார். பள்ளி திறந்த எட்டாம் நாள் ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேஜைகளில் நிரந்தரமாகப் பிரித்து உட்கார வைத்தார். எந்தப் பரீட்சையும் வைக்கவில்லை. நல்ல உடை, வாரிய தலை, பள்ளி பேசும் பாஷை உள்ளவர்கள் பக்கத்து மேஜையில். கந்தல் உடையும், உதவிப் பணம் வாங்கும் குடும்பமும் உள்ளவர்கள் தூரத்து மேஜைகளில். அந்த ஆசிரியையும் கறுப்பின மக்களில் ஒருவர், பிள்ளைகளும் அவ்வாறே. அவர் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. தனக்கே தெரியாமல் செய்தார்.

விளைவு என்ன? முதல் மேஜைக்குப் பாடம் கிடைத்தது. மற்ற மேஜைகளுக்கு அதட்டல் கிடைத்தது. அடுத்த வகுப்பில், 'இவர்கள் போன வருஷப் பாடம் முடிக்கவில்லை' என்ற காரணத்தால், தூரத்து மேஜைப் பிள்ளை ஒன்றுகூட முதல் மேஜைக்கு வர முடியவில்லை. எட்டாம் நாள் ஆசிரியை ஊகித்தது, இரண்டாம் வருஷம் ஏட்டில் உண்மையாகிவிட்டது!

உங்கள் கேள்விக்கு இங்கேதான் முதல் பதில் இருக்கிறது. ஆசிரியப் பயிற்சி, பாடத்தை எப்படிச் சொல்லுவது என்று கற்றுத் தருகிறது. கரும்பலகையை எப்படிப் பயன்படுத்துவது, கதை எப்படிச் சொல்லுவது, கணக்குக்குப் புளியங்கொட்டையை எப்படி அடுக்குவது என்று சொல்லித் தருகிறது. இது இல்லாமல் ஆசிரியர் இல்லை. ஆனால், 'நீ யாரைப் பார்த்துப் பாடம் சொல்லுகிறாய்? யாரைப் பார்க்காமல் விடுகிறாய்? எந்தச் சாதிப் பிள்ளை, எந்தத் தெருப் பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறது?' என்று ஆசிரியரைத் திருப்பிக் கேட்பது சமூக இயல். முதலாவது கை. இரண்டாவது கண். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற கை வேலை எப்படியிருக்கும் என்று தறியில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஓர் எச்சரிக்கை

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படிப்பையே சோம்பேறித்தனத்துக்குச் சாக்காக்கிக்கொள்வதும் உண்டு. 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்பவர் தலைமையில் லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து ஒரு பெரிய அறிக்கை வெளியாயிற்று. பிள்ளையின் தேர்ச்சியில் குடும்ப நிலைமைக்கே பெரும் பங்கு என்றது அது. உடனே சிலர், "அப்படியானால் பள்ளிக்கூடத்தால் ஆகப் போவது ஒன்றுமில்லை, செலவழித்துப் பயனென்ன?" என்று கிளம்பிவிட்டார்கள். ஆசிரியர்களிலும் இப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. "குடும்பச் சூழ்நிலை அப்படி, நான் என்ன செய்ய?" என்பார்கள். முன்பு 'தலையெழுத்து' என்றார்கள்; இப்போது 'சூழ்நிலை' என்கிறார்கள். சொல்தான் மாறிற்று. கைவிடப்பட்ட பிள்ளை ஒன்றேதான்.

நோய்க்குக் காரணம் தெரிந்தால் மருத்துவன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவதில்லை. பசிதான் காரணம் என்று தெரிந்தபோது, 1956இல் நம் மாநிலத்துப் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. காலையிலும் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்பதால் 2022இல் அரசு ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கிற்று. 'மந்தம்' என்று பெயர் வைத்தவர்களால் சோறு போட முடியாது. 'பசி' என்று பெயர் வைத்தவர்களால்தான் முடிந்தது.

பர்பியானாப் பையன்கள்

சமூக இயலைப் பல்கலைக் கழகம் போனவர்கள்தான் செய்ய முடியும் என்றும் நினைத்துவிடாதீர்கள். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக்கு வடக்கே மலையில் பர்பியானா என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். 1954இல் லொரென்சோ மிலானி என்ற பாதிரியாரை, அவர் பேச்சு மேலிடத்துக்குப் பிடிக்காமல், அங்கே தள்ளிவிட்டார்கள். அவர் மலைவாசி விவசாயிகளின் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னார். அந்தப் பிள்ளைகளில் சிலர் ஆசிரியராக வேண்டுமென்று பயிற்சிப் பள்ளித் தேர்வுக்குப் போனார்கள். தவறினார்கள்.

அவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. எட்டுப் பையன்கள் சேர்ந்து, தங்களைத் தவற வைத்த ஆசிரியைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்கள். 1967இல் அது புத்தகமாக வந்தது. 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்பது பெயர். வெறும் புலம்பலல்ல அது. புள்ளிவிவரம் சேகரித்து, படம் வரைந்து காட்டினார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் கழிக்கப்படுகிறார்கள்? கழிக்கப்பட்டவர்களின் தகப்பன் என்ன தொழில் செய்கிறான்? டாக்டர் மகன் எங்கே இருக்கிறான், குடியானவன் மகன் எங்கே இருக்கிறான்? கணக்கைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். புத்தகம் வெளிவந்த சில வாரங்களில் மிலானி காலமானார். ஆனால் அந்தக் கடிதம் பல மொழிகளில் உலகம் சுற்றிற்று.

ஆசிரியப் பயிற்சிக்கு லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள், பயிற்சிப் பள்ளிக்கே பாடம் நடத்திவிட்டார்கள்!

யார் படிப்பது? யார் செலவழிப்பது?

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிரான்சில் ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கும் பல்கலைக் கழகப் படிப்பு வேண்டும் என்பது கடைசியில் ஏற்கப்பட்டது. 1990இல் 'ஆசிரியர்' என்ற பழைய பதவிக்குப் பதிலாகப் 'பள்ளிப் பேராசிரியர்' என்ற புதிய பதவி வந்தது. பழைய பயிற்சிப் பள்ளிகள் போய்ப் பல்கலைக் கழகத்தோடு இணைந்த நிலையங்கள் வந்தன. பட்டம் பெற்ற பிறகே பயிற்சி என்றாயிற்று. 2010 முதல் முதுநிலைப் பட்டமே கேட்டார்கள்.

இது முன்னேற்றம்தான். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 15, 16 வயதில் இலவசச் சாப்பாட்டோடு சேர்ந்து ஆசிரியராக வெளிவந்த அந்தப் பழைய ஏழைப் பிள்ளையின் வழி 1970களில் அடைபட்டது. பட்டம் வாங்கும் வரை வீட்டுக்காரர் தாங்கினால்தான் முடியும் என்றால், தாங்க முடியாத வீட்டுப் பிள்ளை எங்கே போகும்? சமூக இயலைக் கற்ற ஆசிரியர் கிடைத்தார். சமூகத்தின் அடியிலிருந்து வந்த ஆசிரியர் குறைந்தால் அது எப்படிப்பட்ட லாபம்? கடைசியில் அங்கேயும் ஆசிரியப் பணிக்கு ஆள் போதாமல் போயிற்று. 2025இல், மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் முடிவிலேயே போட்டித் தேர்வு, தேறியவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் சம்பளம் என்று முடிவு செய்தார்கள். சுற்றிச் சுற்றிப் பழைய உண்மைக்கே வந்தார்கள்: ஆசிரியர் வேண்டுமென்றால் அவரைத் தயாரிக்கும் செலவை நாடு ஏற்க வேண்டும்.

இது நமக்குத் தூரத்து விஷயமல்ல. நம் நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்கள் இரண்டாண்டுப் பட்டயப் படிப்புப் படித்து ஆரம்பப் பள்ளி ஆசிரியராகும் வழி இருந்துவந்திருக்கிறது. உழைப்பாளி வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் அந்த வழியாக வந்தார்கள். 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையோ, 2030க்குள் நான்காண்டுப் பட்டப்படிப்பே ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது. அதிகம் படித்த ஆசிரியர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைக்குச் சமூகம் தெரிந்த ஆசிரியர்தான் வேண்டும். ஆனால் நான்காண்டுக்கு விடுதிக் கட்டணம் யார் கொடுப்பது? அந்த நான்காண்டும் அந்தப் பெண் கொண்டுவந்திருக்கக்கூடிய கூலியை யார் ஈடு செய்வது? இதற்குப் பதில் சொல்லாமல் தகுதியை மட்டும் உயர்த்தினால், ஏணியை உயர்த்திவிட்டுக் கீழ்ப்படிகளை உருவிக்கொண்டதாகும்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே மூன்று காரியங்கள் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ ஆசிரியப் பயிற்சியோடு சமூக இயலும் படிக்க விரும்பினால், 'இது எதற்கு?' என்று தடுக்காதீர்கள். சுமை பெரிதுதான். பகலில் பயிற்சி வகுப்பு, ராத்திரியில் புத்தகம். பள்ளியில் பார்த்ததைப் புத்தகத்தில் தேடி, புத்தகத்தில் படித்ததை மறுநாள் பள்ளியில் சரிபார்க்கிற படிப்பு அது. இரண்டையும் தனித்தனியே படித்தால் இது கிடைக்காது. பாத்திரம் தேய்க்கிற வேலையையாவது அந்தப் பிள்ளையிடமிருந்து அண்ணன் தம்பிகள் வாங்கிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, ஆசிரியப் பயிற்சிக்கு உதவித்தொகையும் இலவச விடுதியும் வேண்டும் என்பதை உங்கள் சங்கக் கோரிக்கைகளில் சேருங்கள். கூலி உயர்வும் போனஸும் போலவே இதுவும் நம் கோரிக்கை. வகுப்பறையில் நிற்கப் போவது யார் என்பது உங்கள் பிள்ளையின் விவகாரம்.

மூன்றாவது, பர்பியானாப் பையன்கள் செய்த வேலையை உங்கள் ஊரில் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பத்து வருஷத்துக்கு முன் ஒன்றாம் வகுப்பில் உங்கள் தெருவிலிருந்து சேர்ந்தவர்கள் யார் யார்? அவர்களில் பத்தாம் வகுப்பு வரை வந்தவர் எத்தனை? நின்றவர்கள் எந்த வகுப்பில் நின்றார்கள்? அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது: ஆலை மூடினதா, மழை பொய்த்ததா, அப்பன் படுத்துவிட்டானா, பெண் வயசுக்கு வந்துவிட்டாளா? தகப்பன் தாய் தொழில் என்ன? எதையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். எழுதியதைப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் படியுங்கள். ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. அவரையும் நம் பக்கம் சேர்த்துக்கொள்வதற்காக.

"பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை" என்று இனி யாராவது சொன்னால், நோட்டைத் திறந்து காட்டுங்கள். எந்தப் பிள்ளைக்கு, எந்த வருஷம், எதனால் ஏறவில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் பழகிவிட்டால், உங்கள் ஊரில் சமூக இயல் வகுப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை.